தோளில் தூக்க முடிகிற ஆம்ப் போதும்!

ஜாஸ் கிட்டாருக்கு எடையும் விலையும் குறைந்த ஆம்ப்ளிஃபயரைத் தேர்வு செய்வது எப்படி?

சனிக்கிழமை சாயங்காலம் வந்தால் எங்கள் நால்வருக்கும் ஜாஸ்தான். நான் கிட்டார். மற்ற மூவர் கீபோர்டு, பாஸ், டிரம்ஸ். எல்லோருக்கும் ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஒரு வாரம் பெரம்பூரில் என் வீடு, அடுத்த வாரம் மயிலாப்பூரில் நண்பர் வீடு என்று இடம் மாறிக்கொண்டே இருக்கும். எப்போதாவது சர்ச் ஹாலிலோ, கல்யாண ரிசப்ஷனிலோ வாசிக்கக் கூப்பிடுவார்கள். பழைய படங்களின் கிளப் பாடல்களில் பின்னணியில் மிருதுவாக ஒரு கிட்டார் கேட்குமே, ஏறக்குறைய அந்த மாதிரி சங்கீதம்.

மயிலாப்பூர் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. ஒரு சனிக்கிழமை ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு இரண்டாவது மாடித் திருப்பத்துக்கு வந்தபோது இடுப்பில் ஏதோ பிடித்தது. அன்றைக்கு வாசிக்கவில்லை. அடுத்த நாள் எழுந்திருக்கவே முடியவில்லை. "டிஸ்க் கொஞ்சம் பிதுங்கியிருக்கு சார். இனிமே பத்து கிலோவுக்கு மேல எதையும் தூக்காதீங்க" என்றார் டாக்டர். வெளிநாடு போன நண்பரிடம் ஆசையாக வாங்கிய என் ஆம்ப்பை எடை மிஷினில் ஏற்றிப் பார்த்தேன். 28 கிலோ!

அதன் பிறகு நான்கு மாதம் சனிக்கிழமைகளில் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். நண்பர்கள் போன் செய்தால் ஏதாவது சாக்கு. ஒருநாள் என் மனைவிதான் சொன்னாள்: "என்னங்க, கிட்டாரை விடச் சொல்லலை. அந்தப் பெட்டியை விடுங்க!"

பட்ஜெட் 20,000 ரூபாய், எடை பத்து கிலோவுக்குள் என்று முடிவு செய்துகொண்டு தேட ஆரம்பித்தேன். அப்போது தெரிந்துகொண்டதெல்லாம் உங்களுக்கோ, கிட்டார் கற்கும் உங்கள் பிள்ளைக்கோ உதவலாம்.

ஜாஸுக்கு என்ன வேண்டும்?

ராக் கிட்டாரின் ஆம்ப்பில் ஒலி 'உடைய' வேண்டும். அந்தக் கரகரப்புக்குப் பெயர் டிஸ்டார்ஷன். ஜாஸில் அது பெரும்பாலும் ஆகாது. ஒற்றை ஸ்வரம் உடையும்போது அதன் மேல்ஸ்வரங்கள் சேர்ந்து ஒலி செழிப்பாகும். ஜாஸில் நான்கைந்து ஸ்வரங்கள் சேர்ந்த கார்ட்களை வாசிக்கிறோம். அவை ஒன்றாக உடையும்போது, கார்டிலேயே இல்லாத புதிய ஒலிகளும் பிறந்து எல்லாம் கஞ்சியாகிவிடும்.

எனவே முதல் தேவை, ஒலியைக் கூட்டினாலும் உடையாத சுத்தமான சத்தம். இரண்டாவது, குத்தாத ட்ரெபிள். மூன்றாவது, குழம்பாத பாஸ். இருபது எஃபெக்ட், நூறு சவுண்ட் என்று பெட்டியில் அச்சடித்திருப்பதற்குக் கூடுதல் பணம் தர வேண்டாம். ரிவெர்ப் ஒன்று இருந்தால் போதும்.

ஆம்ப் பிறந்த கதை

1930-களின் பெரிய ஜாஸ் குழுக்களில் ட்ரம்பெட், சாக்ஸஃபோன் சத்தத்துக்கு நடுவே கிட்டார் காதில் விழாது. தாளத்துக்குத் துணையாக மட்டும் இருந்தது. 1936-ல் அமெரிக்காவின் கிப்ஸன் நிறுவனம் இஎஸ்-150 என்ற மின்சார கிட்டாரை வெளியிட்டது. அதை வாசித்துப் புகழ்பெற்றவர் சார்லி கிறிஸ்டியன். 1939-ல் பென்னி குட்மேன் குழுவில் சேர்ந்தபோது அவருக்கு வயது 23. சாக்ஸஃபோன் போலவே கிட்டாரும் முன்னால் வந்து தனியாகப் பாடலாம் என்று காட்டினார். 1942-ல், 25 வயதிலேயே, காசநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது. அவர் பயன்படுத்தியது ஒற்றை ஸ்பீக்கர் கொண்ட, இன்றைய கணக்கில் சின்ன ஆம்ப்தான்.

பிறகு மேடைகள் பெரிதாயின, ஆம்ப்களும் பெருத்தன. 1960-களில் வந்து இன்றும் விற்கும் ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப், 85 வாட்ஸ், சுமார் 29 கிலோ. 1975-ல் வந்த ரோலண்ட் ஜேசி-120 பெயரிலேயே 'ஜாஸ்' வைத்திருக்கிறது. அதுவும் 28 கிலோவை ஒட்டித்தான். அந்த 70-களிலேயே சின்னப் பெட்டிக்கு மாறியவர்களும் உண்டு. அக்கார்டியன் கலைஞர் டாமி குமினா தொடங்கிய பாலிடோன் நிறுவனத்தின் ஆம்ப்களை ஜோ பாஸ் போன்ற மேதைகள் வாசித்தார்கள். அவற்றில் வால்வே கிடையாது. 'வால்வு இல்லாவிட்டால் ஜாஸ் இல்லை' என்று யாராவது சொன்னால், ஜோ பாஸின் பதிவு ஒன்றைப் போட்டுக் காட்டுங்கள்.

ஏன் இவ்வளவு கனம்?

பழைய மொபைல் போன் சார்ஜரை நினைத்துப் பாருங்கள். செங்கல் துண்டு மாதிரி கனக்கும். இன்றைய சார்ஜர் அதைவிட அதிக சக்தி தருகிறது, ஆனால் உள்ளங்கையில் அடங்குகிறது. ஆம்ப்பிலும் இதே மாற்றம்தான்.

வால்வு ஆம்ப்பில் இரும்பும் தாமிரமும் சுற்றிய ட்ரான்ஸ்ஃபார்மர் குறைந்தது இரண்டு இருக்கும். ஒன்று வீட்டு மின்சாரத்தை மாற்றித் தர, இன்னொன்று வால்வின் ஒலியை ஸ்பீக்கருக்குப் பொருத்த. புது வகை ஆம்ப்பில் மின்சாரம் நொடிக்குப் பல்லாயிரம் முறை விட்டு விட்டுப் பாய்வதால் குட்டி ட்ரான்ஸ்ஃபார்மரே போதும். 'கிளாஸ் டி' என்ற சர்க்யூட் மின்சாரத்தை அதிகம் வெப்பமாக வீணாக்குவதில்லை. அதனால் பெரிய அலுமினியத் தகடுகளும் வேண்டாம்.

அடுத்த கனம் ஸ்பீக்கரின் காந்தம். சாதாரண ஃபெரைட் காந்தத்துக்குப் பதில் நியோடிமியம் காந்தம் வைத்தால் எடை நன்றாகக் குறையும், விலை ஏறும். 2019-ல் ஃபெண்டர் அதே ட்வின் ரிவெர்ப்பை வால்வு இல்லாமல், நியோடிமியம் ஸ்பீக்கர்களோடு வெளியிட்டது. எடை சுமார் 15 கிலோ, பழையதில் பாதி! ஆனால் அதன் விலை என் பட்ஜெட்டுக்கு எட்டாத உயரம்.

எத்தனை வாட்ஸ்?

40 வாட்ஸ், 20 வாட்ஸைப் போல இரண்டு மடங்கு சத்தம் தராது. காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். எனவே வாட்ஸ் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். நல்ல ஸ்பீக்கரில் 20 வாட்ஸ், மட்டமான ஸ்பீக்கரில் 40 வாட்ஸைத் தோற்கடித்துவிடும்.

என் அனுபவத்தில் வீட்டுப் பயிற்சிக்கு 5 வாட்ஸே தாராளம். டிரம்ஸ் வாசிப்பவர் குச்சிக்குப் பதில் பிரஷ் வைத்து மெதுவாக வாசிக்கும் அறைக்கு 20 முதல் 30 வாட்ஸ். குச்சி எடுத்தால் 50-க்கு மேல் இருந்தால்தான் ஒலி உடையாமல் தப்பிக்கலாம்.

ஸ்பீக்கர் அளவும் முக்கியம். கிட்டாரின் தடித்த தந்தி நொடிக்குச் சுமார் 82 முறை அதிர்கிறது. ஆறரை அங்குல ஸ்பீக்கர் அந்த ஆழத்தைத் தரக் கொஞ்சம் திணறும். 8 அங்குலம் பரவாயில்லை. 10, 12 அங்குலம் சுகம், ஆனால் கனம். கூட பாஸ் கிட்டார் வாசிக்க ஆள் இருந்தால், ஆழத்தை அவரிடம் விட்டுவிடலாம்.

நான் வாசித்துப் பார்த்தவை

முதலில் ரோலண்ட் மைக்ரோ க்யூப் ஜிஎக்ஸ். 3 வாட்ஸ், 5 அங்குல ஸ்பீக்கர், மூன்று கிலோகூட இல்லை. ஆறு பென்சில் பேட்டரியிலும் ஓடும். கரன்ட் போனாலும் பயிற்சி நிற்காது. படுக்கையறைக்கு அருமை. டிரம்ஸ் பக்கத்தில் வைத்தால் காணாமல் போய்விடும்.

அடுத்து ஃபெண்டர் சாம்பியன் 20. ஐந்தரை கிலோ, 8 அங்குலம், 20 வாட்ஸ். முதல் ஆம்ப் வாங்கும் மாணவருக்கு இதைத் தைரியமாகச் சொல்வேன். பிரஷ் வாசிப்புக்குச் சமாளிக்கும். அதைத் தாண்டினால் கார்ட் உடைகிறது.

மூன்றாவது பாஸ் நிறுவனத்தின் கட்டானா 50. 12 அங்குலம், 50 வாட்ஸ். தேவைப்பட்டால் அரை வாட்ஸுக்கும் இறக்கிக்கொள்ளலாம். என் காதுக்கு மிகவும் பிடித்தது. ஆனால் எடை சுமார் 12 கிலோ. முதுகு சரியாக இருப்பவர்கள் யோசிக்காமல் எடுக்கலாம். நான் டாக்டரை நினைத்துக்கொண்டு கீழே வைத்துவிட்டேன்.

கடைக்காரத் தம்பிதான் ஒரு யோசனை சொன்னார். "சார், நீங்க சுத்தமான சவுண்டுதானே கேட்கறீங்க? அக்கூஸ்டிக் கிட்டார் ஆம்ப்ல ஒரு தடவை போட்டுப் பாருங்களேன்!" நல்ல யோசனை. மர கிட்டாருக்காகச் செய்யப்படும் இந்த ஆம்ப்கள் ஒலியை உடைக்காமல் தருவதற்கென்றே உருவானவை. பல மாடல்கள் சின்னவை, லேசானவை. ஒரே குறை, உயர் ஒலிக்கென்று தனியாக ட்வீட்டர் இருப்பதால் பிக் படும் சத்தம் 'டிக் டிக்' என்று குத்தும். ஆம்ப்பில் ட்ரெபிளைக் குறைத்து, கிட்டாரில் கழுத்துப் பக்க பிக்கப்பைப் போட்டு, டோன் குமிழைப் பாதியாக்கினேன். நான் தேடிய அந்த வட்டமான ஒலி வந்துவிட்டது.

ஒரு எச்சரிக்கை. கிட்டாரை 'இன்ஸ்ட்ருமென்ட்' என்று எழுதியிருக்கும் துளையில்தான் செருக வேண்டும். கீபோர்டு ஆம்ப்பின் 'லைன்' துளையிலோ, ஹோம் தியேட்டரிலோ நேரடியாகச் செருகினால் ஒலி மங்கி, மெலிந்து போகும். புளூடூத் ஸ்பீக்கரும் உதவாது. தந்தியை மீட்டிய பிறகு தாமதமாகத்தான் சத்தம் வரும். தாளமே தப்பிவிடும்.

பழையது வாங்கலாமா?

தாராளமாக. எல்லாக் குமிழ்களையும் திருப்பிப் பாருங்கள். 'கரகர' வந்தால் உள்ளே தூசு. சுத்தம் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். கிட்டாரைச் செருகாமலே 'ஹம்' என்று பெரிதாக இரைந்தால் வேண்டாம். ஸ்பீக்கர் காகிதத்தில் கிழிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் அண்ணனையோ மகளையோ வாங்கிவரச் சொல்பவர்கள், பின்புறம் எழுதியிருக்கும் வோல்டேஜை முதலில் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. '100-240' என்று இருந்தால் கவலையில்லை. 120 மட்டும் என்றால், நேராகச் செருகிய நொடியில் பணம் புகையாகிவிடும். தனி ட்ரான்ஸ்ஃபார்மர் வாங்கினால், குறைத்த எடை திரும்ப வந்து சேரும்.

மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை யாரும் எடுத்துவிடக் கூடாது. இரைச்சல் குறையும் என்று சிலர் செய்கிறார்கள். உங்கள் கை உலோகத் தந்தியில் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். பழைய வால்வு ஆம்ப்பை நீங்களே திறக்கவும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆளைத் தாக்கும் அளவுக்கு வோல்டேஜ் தங்கியிருக்கும்.

கடையில் செய்ய வேண்டியது

உங்கள் கிட்டாரையே கொண்டு போங்கள். எல்லா எஃபெக்ட்டையும் அணைத்து, குமிழ்களை நடுவில் வையுங்கள். நன்றாகத் தெரிந்த நான்கு கார்ட்களைக் கட்டை விரலால் வாசியுங்கள். ஒலி உடையத் தொடங்கும் வரை சத்தத்தைக் கூட்டுங்கள். அந்த இடம்தான் அந்த ஆம்ப்பின் எல்லை. பிறகு வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லி, நாலடி தள்ளி நின்று கேளுங்கள். சின்ன ஆம்ப்பைத் தரையில் வைக்காமல், பலமான ஸ்டூலில் காது நோக்கிச் சாய்த்து வைத்தால் தெளிவு கூடும். சுவர் மூலைக்குத் தள்ளினால் பாஸ் கூடும். இரண்டுக்கும் காசு கிடையாது!

கடைசியாக, அதை ஒரு கையிலும் கிட்டார் பையைத் தோளிலும் எடுத்துக்கொண்டு கடைக்குள்ளேயே ஐந்து நிமிடம் நடங்கள். படி இருந்தால் ஏறி இறங்குங்கள். கூச்சப்பட வேண்டாம். கடைக்காரர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

நான் வாங்கியது 8 அங்குல ஸ்பீக்கர் கொண்ட, பயன்படுத்திய அக்கூஸ்டிக் ஆம்ப். ஆறரை கிலோ, 16,500 ரூபாய். அந்தச் சனிக்கிழமை பெரம்பூரில் ரயில் ஏறி, பார்க் டவுனில் பறக்கும் ரயிலுக்கு மாறி, திருமயிலையில் இறங்கி, மூன்று மாடியும் நின்று நின்று ஏறினேன். பழைய வால்வு ஆம்ப்பின் இதம் இதில் இல்லை, உண்மை. வாசித்து முடித்ததும் டிரம்ஸ் நண்பரிடம் "சவுண்ட் எப்படி இருந்தது?" என்று கேட்டேன். "நாலு மாசமா அந்தப் பக்கத்திலிருந்து சவுண்டே வரலையேப்பா, இது போதும்" என்றார்.

பழைய ஆம்ப்பை விற்கப் போட்டேன். வாங்க வந்தவர் கல்லூரி மாணவர். ராக் வாசிப்பாராம். பார்த்ததும் கண் விரிந்தது. விலை பேசக்கூட இல்லை, உடனே பணத்தை எடுத்தார்.

"இருங்க தம்பி, முதல்ல ஒரு தடவை தூக்கிப் பாருங்க. அப்புறம் பணம் கொடுங்க" என்றேன்.