மெழுகு மூடிக்குள் ஒளியும் உண்ணி

உங்கள் வீட்டில் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய தாத்தாவோ பாட்டியோ இருந்தால், ரப்பர் பாலை உறைய வைக்க எதை ஊற்றினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். "ஆசிட்" என்பார்கள். அது பெரும்பாலும் ஃபார்மிக் அமிலம். பள்ளி வேதியியலில் மெத்தனோயிக் அமிலம் என்று படிப்பதும் இதைத்தான். மாமரத்தில் கூடு கட்டும் கெரெங்கா எறும்பு கடித்த இடத்தில் பீய்ச்சி எரியவைப்பதும் இதே அமிலம்தான். தேனீ வளர்ப்பவர்களும் இதைத் தேடி வாங்குகிறார்கள். அவர்களின் எதிரி, வர்ரோவா என்ற உண்ணி.

செம்பழுப்பு நிறம், ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் அகலம். சிறியதுதானே என்று நினைக்காதீர்கள். தேனீயின் உடலோடு ஒப்பிட்டால், உங்கள் முதுகில் ஒரு தட்டு அளவுக்குப் பூச்சி ஒட்டியிருப்பதற்குச் சமம். அது தேனீயின் கொழுப்புத் திசுவைக் கரைத்து உறிஞ்சுகிறது. கூடவே சிறகைச் சுருங்க வைக்கும் வைரஸையும் பரப்புகிறது.

முதலில் இந்த உண்ணி நம் பகுதியைச் சேர்ந்த ஆசியத் தேனீயோடு மட்டுமே வாழ்ந்தது. ஆசியத் தேனீக்கு அதைச் சமாளிக்கத் தெரியும். ஒன்றின் மேலிருக்கும் உண்ணியை இன்னொன்று கடித்து அகற்றும். உண்ணியும் பெரும்பாலும் ஆண் தேனீக்களின் அறைகளில் மட்டுமே பெருகும். மனிதர்கள் அதிகத் தேன் தரும் ஐரோப்பியத் தேனீயை ஆசியாவுக்குக் கொண்டு வந்தபோது, உண்ணி அதன் மீது தாவியது. அந்தத் தேனீக்கு எதிர்க்கும் பழக்கம் இல்லை. பிறகு தேனீப் பெட்டிகளோடு உலகம் சுற்றியது. நீண்ட காலம் தப்பியிருந்த ஆஸ்திரேலியாவிலும் 2022 ஜூன் மாதம் நியூகாசல் துறைமுகத்தில் அது கண்டுபிடிக்கப்பட்டது. ஓராண்டுக்கு மேலாகப் பெட்டி பெட்டியாக அழித்துப் பார்த்தார்கள். 2023 செப்டம்பரில், இதை இனி ஒழிக்க முடியாது, இதோடுதான் வாழ வேண்டும் என்று முடிவெடுத்தார்கள்.

ஏன் ஒழிக்க முடியவில்லை? அது ஒளியும் இடம் அப்படி. தேனீப் புழு வளர்ந்ததும், வேலைக்காரத் தேனீக்கள் அதன் அறையை மெழுகால் மூடிவிடும். மூடுவதற்குச் சற்று முன்பு பெண் உண்ணி உள்ளே நுழைந்துவிடுகிறது. மூடிய அறைக்குள் முட்டையிடுகிறது. முதலில் ஓர் ஆண், பிறகு பெண்கள். குட்டிகள் அங்கேயே இணை சேர்ந்து, இளம் தேனீ வெளியே வரும்போது அதோடு வெளியேறுகின்றன.

முன்பு செயற்கை மருந்து தடவிய பட்டைகளைப் பெட்டிக்குள் தொங்கவிட்டார்கள். சில ஆண்டுகளில் உண்ணிகளுக்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டது. அந்த மருந்துகள் கொழுப்பில் கரைபவை என்பதால் மெழுகிலும் தங்கின. கரிம அமிலங்கள் நீரில் கரைபவை, மெழுகில் சேர்வதில்லை. தேனிலேயே இயற்கையாக மிகச் சிறிதளவு உள்ளன.

இரண்டு அமிலங்கள் முக்கியமானவை. ஃபார்மிக் அமிலம் எளிதில் ஆவியாகும் திரவம். அதன் ஆவி மெழுகு மூடியை ஊடுருவி, உள்ளே இருக்கும் உண்ணியையும் கொல்லும். மற்றொன்று ஆக்ஸாலிக் அமிலம். பிளிம்பிங் பழத்திலும் கீரையிலும் இருப்பது இது. இது ஒரு திடப்பொருள். சர்க்கரைப் பாகில் கரைத்துச் சட்டங்களுக்கு இடையே சொட்டுவிடுவார்கள், அல்லது சூடாக்கிப் புகையாகச் செலுத்துவார்கள். தேனீயின் மேல் ஒட்டியிருக்கும் உண்ணிகளை அது நன்றாகக் கொல்லும். ஆனால் மூடியைத் தாண்டாது.

"இயற்கையானது, ஆகவே ஆபத்தில்லை" என்ற பேச்சை இங்கே மறந்துவிடுங்கள். இரண்டுமே நுரையீரலையும் கண்ணையும் சேதப்படுத்தும். வளர்ப்பவர்கள் அமில ஆவிக்கென உள்ள முகமூடியும் கையுறையும் அணிந்துதான் பெட்டியைத் திறக்கிறார்கள். அளவு கூடினால் தேனீயும் சாகும்.

குளிர் நாடுகளில் ஆக்ஸாலிக் அமிலத்துக்கு ஏற்ற காலம் தானாகவே வருகிறது. குளிர்காலத்தில் இராணி முட்டையிடுவதை நிறுத்திவிடும். மூடிய அறையே இருக்காது. எல்லா உண்ணிகளும் வெளியே இருக்கும். ஃபார்மிக் அமிலத்துக்கும் குளிர்ச்சி வேண்டும். பகல் வெப்பம் 30 டிகிரி செல்சியஸை நெருங்கினால் ஆவி அதிகமாக எழுந்து இராணியே இறந்துவிடலாம். கோலாலம்பூரில் பிற்பகலில் 32, 33 டிகிரி சாதாரணம். குளிர்காலமோ நமக்குக் கிடையாது. ஐரோப்பியத் தேனீயை இங்கே வளர்ப்பவர்களுக்கு இரண்டு வழியுமே சிக்கல்தான்.

இதற்கு இத்தாலியில் கோடைகாலத்தில் கையாளும் ஒரு முறை உண்டு. இராணியைச் சிறு கூண்டில் அடைத்து, அடைக்குள்ளேயே வைத்துவிடுவார்கள். வேலைக்காரத் தேனீக்கள் கூண்டின் இடுக்கு வழியே உணவு ஊட்டும், ஆனால் அது அறைகளில் முட்டையிட முடியாது. முட்டையிலிருந்து வெளிவர வேலைக்காரத் தேனீக்கு 21 நாள், ஆண் தேனீக்கு 24 நாள். ஆகவே 24 நாள் காத்திருந்தால் கடைசி மூடியும் திறந்துவிடும். அன்றுதான் ஆக்ஸாலிக் அமிலம் உள்ளே போகிறது.