காலை அகற்றும் முன் கணுக்காலை அளத்தல்

கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த கல்வராயன் மலையில், வெள்ளிமலையைச் சுற்றியுள்ள சிற்றூர்களின் வாழ்க்கை ஏற்ற இறக்கமான பாதைகளோடு பிணைந்திருப்பதால், கால் தமனி அடைப்பு நோயின் முதல் அறிகுறி அங்கே சமவெளியைக் காட்டிலும் முன்னதாகவே வெளிப்படக்கூடும். மேட்டில் ஏறும்போது கெண்டைக்கால் தசைக்கு வேண்டிய ஆக்சிஜன் பன்மடங்கு கூடுகிறது; கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து குறுகிப்போன தமனி, அதாவது இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுசெல்லும் குழாய், அத்தேவையை ஈடுசெய்ய இயலாமையால், சிறிது தொலைவு நடந்ததும் தசை இறுகி வலிக்கிறது; சில நிமிடங்கள் நின்றால் அடங்குகிறது. வயதின் தளர்ச்சி என்று எளிதில் ஒதுக்கப்படும் இவ்வலியைத் தொடர்ந்து, படுத்திருக்கும்போதும் பாதம் வலிப்பதும், ஆறாத புண் தோன்றுவதும், விரல் கறுத்து அழுகுவதும் நேர்ந்தால், காலை இழக்கும் நிலை நெருங்கிவிட்டது என்று பொருள்.

நீரிழிவு உள்ளோரிடம் இந்த வரிசை குலைந்துவிடுகிறது. பாத நரம்புகள் உணர்விழப்பதால் வலி என்னும் எச்சரிக்கை மறைய, புண்ணே முதல் அறிகுறியாகிறது. அடைப்பும் முழங்காலுக்குக் கீழுள்ள மெல்லிய தமனிகளிலேயே மிகுதியாக ஏற்படுகிறது. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டதைக் கருதினால், இதன் பரப்பு விளங்கும். பீடி, சிகரெட், புகையிலைப் பழக்கமுள்ள இளைஞர்களைத் தாக்கும் பர்ஜர் நோய் இதனின்று வேறானது. அதில் சிறு குழாய்கள் அழற்சியுற்று இரத்தம் உறைவதால், புகையிலையை அறவே விடுவதே முதன்மையான சிகிச்சையாகும்.

அடைப்பைக் கண்டறியும் முதற்சோதனை எளியது. இரத்த அழுத்தக் கருவியின் பட்டையைக் கணுக்காலுக்கு மேல் சுற்றி, ஒலியலைகளால் இரத்த ஓட்டத்தை உணரும் கையடக்க டாப்ளர் கருவியின் துணையோடு அங்குள்ள அழுத்தத்தை அளந்து, அதைக் கையின் அழுத்தத்தால் வகுக்க வேண்டும். ஈவு 0.9 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அடைப்பு உண்டு எனக் கொள்ளலாம், 1.4ஐத் தாண்டினாலோ, சுண்ணாம்பு படிந்த குழாய் பட்டைக்கு நெரியவில்லை என்பதால், கால் கட்டைவிரலின் அழுத்தத்தை அளந்து பார்க்க வேண்டும்.

அடைப்பை அறுவையின்றித் திறக்கும் முறை பிறந்தது இதயத்தில் அன்று, காலில்தான். 1964 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில், விரல்கள் அழுகியும் காலை எடுக்க இசையாத, எண்பது வயதைக் கடந்த பெண்ணொருவரின் தொடைத் தமனியைச் சார்லஸ் டாட்டர் என்னும் கதிரியக்க மருத்துவர் படிப்படியாகத் தடித்த குழல்களைச் செலுத்தி விரித்தார், கால் பிழைத்தது. 1974இல் சூரிச்சில் ஆண்ட்ரியாஸ் குருண்ட்சிக் பலூனைக் கொண்டு அதே பணியைச் செய்து, 1977இல் அதனை இதயத் தமனிக்கும் விரிவுபடுத்தினார். இன்று தொடையிடுக்கை மட்டும் மரத்துப்போகச் செய்து, ஊசித்துளை வழியே ஏறத்தாழ 0.36 மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பியை எக்ஸ்ரே திரையில் பார்த்தபடி அடைப்பைக் கடக்கச் செலுத்தி, அதன்மேல் பலூனை நகர்த்தி விரிக்கின்றனர். தேவையானால் ஸ்டென்ட் என்னும் வலைக்குழாயைப் பொருத்துகின்றனர். குழாயைத் திரையில் காட்டும் அயோடின் சாயம் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால், சிறுநீரகத்தின் செயல்திறனை முன்னதாகவே சோதிக்கின்றனர்.

இவ்வாறு திறந்த குழாய், குறிப்பாக முழங்காலுக்குக் கீழ், சில மாதங்களில் மீண்டும் குறுகுவது உண்டு. ஆனால் புண் ஆறுவதற்கு மிகுந்த இரத்த ஓட்டம் தேவைப்படுகையில், ஆறிய தோலைக் காப்பதற்குக் குறைந்த ஓட்டமே போதும். ஆகவே தற்காலிகத் திறப்பும் பல நேரங்களில் காலைக் காத்துவிடுகிறது. நோயாளியின் சொந்தச் சிரையை, அதாவது இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் குழாயை, எடுத்து மாற்றுவழி அமைக்கும் பைபாஸ் அறுவையோடு ஒப்பிட்ட இரு பெரிய ஆய்வுகள் வெவ்வேறு முடிவுகளைத் தந்துள்ளன. நல்ல சிரை உள்ளோருக்குப் பைபாஸே மேல் என்று 2022இல் வெளியான அமெரிக்கா சார்ந்த ஆய்வு காட்ட, முழங்காலுக்குக் கீழ் அடைப்புள்ளோருக்குப் பலூன் முறையே முதலில் ஏற்றது என்று 2023இல் வந்த பிரிட்டன் சார்ந்த ஆய்வு காட்டியது. எனவே சிரையின் தரமும் அடைப்பின் இடமும் நோயாளியின் உடல்நிலையுமே முறையைத் தீர்மானிக்க வேண்டியவை.

வெள்ளிமலை அமைந்துள்ள கள்ளக்குறிச்சி 2019இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகி, 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியையும் பெற்றது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் வீட்டிலேயே பார்க்கப்படுகின்றன. வீடு தேடி வரும் அழுத்தக் கருவியோடு டாப்ளரும், பாதத்தைப் பார்க்கும் பழக்கமும் சேர்ந்தால், அடைப்புள்ளவரைப் புண் தோன்றும் முன்பே பிரித்தறிய முடியும். பலூன் சிகிச்சைக்கூடம் மலைமேல் இருக்க வேண்டியதில்லை. இரத்த ஓட்டத்தை அளக்காமல் எந்தக் காலையும் அகற்றுவதில்லை என்னும் விதிதான் அங்கிருந்து தொடங்க வேண்டும்.