இந்தப் பாட்டு உங்களுக்காக

1960களின் தொடக்கம். சென்னையில் பாட்டெழுதும் வாய்ப்புத் தேடி அலைந்த ஓர் இளைஞர், இனி சினிமா வேண்டாம் என்று மூட்டை கட்டும் முடிவுக்கு வந்திருந்தார். 1958லேயே ‘அழகர்மலைக் கள்வன்’ படத்துக்குப் பாட்டெழுதியவர்தான். ஆனாலும் பிழைப்பு நகரவில்லை. அந்த வேளையில் அவரைப் பார்க்க வந்தார் பாடகர் பி.பி.ஸ்ரீநிவாஸ். சமீபத்தில் என்ன பாடினீர்கள் என்று பேச்சுவாக்கில் கேட்க, ‘சுமைதாங்கி’ படத்துக்காகக் கண்ணதாசன் எழுதிய பாட்டை அங்கேயே பாடிக் காட்டினார் ஸ்ரீநிவாஸ். கலங்கி நிற்கும் மனதுக்குத் தைரியம் சொல்லும் பாட்டு அது. கேட்டவர் ஊருக்குப் போகவில்லை. 1963இல் ‘கற்பகம்’ படத்தின் பாடல்களை எழுதினார். அந்த இளைஞர்தான் வாலி. தன் வாழ்க்கையைத் திருப்பிய பாட்டு இதுவென்று பிற்காலத்தில் பலமுறை நெகிழ்ந்து சொல்லியிருக்கிறார்.

ஒருவர் மனநிலைக்கு ஏற்ற பாட்டை இன்னொருவர் எடுத்துக் கொடுப்பதன் வலிமைக்குத் தமிழில் இதைவிடப் பெரிய சான்று கிடையாது. அதே பாட்டை வாலி வானொலியில் தற்செயலாகக் கேட்டிருந்தால் இந்த அளவுக்குத் தைத்திருக்குமா? எதிரே உட்கார்ந்து, அவருக்காகவே ஒருவர் பாடினார். பாட்டின் பாதி பலம் அங்கே இருந்தது.

வேளைக்கும் மனதுக்கும் தக்க இசை என்ற எண்ணம் நம்மிடம் மிகப் பழையது. தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களை அடுக்கும்போது தெய்வம், உணவு, பறவை ஆகியவற்றோடு யாழையும் சேர்க்கிறது. காலைக்கு மருதப்பண், மாலைக்குச் செவ்வழிப்பண் என்பது பாணர்களின் வழக்கம். புறநானூற்றின் 149ஆம் பாட்டில் வன்பரணர் ஒரு வேடிக்கையைச் சொல்கிறார். வள்ளல் நள்ளி கொடுத்த கொடையில் திளைத்த பாணர்கள், மாலையில் மருதத்தையும் காலையில் செவ்வழியையும் வாசிக்கிறார்களாம். முறை மாறியது புலவர் காதில் உடனே உறுத்துகிறது என்றால், அந்த முறை எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்க வேண்டும்! தேவாரப் பண்களைப் பகற்பண், இராப்பண் என்று பிரித்ததும், குழந்தையைத் தூங்கவைக்க நீலாம்பரி என்று பெரியவர்கள் சொன்னதும் இந்த வழியில் வந்தவையே.

கேசட் காலம் இதை வீதிக்குக் கொண்டுவந்தது. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகம் செய்த அந்தச் சிறு நாடா, எண்பதுகளில் தமிழ்நாட்டின் சிற்றூர்களில்கூட ரெக்கார்டிங் கடைகளைத் திறக்கவைத்தது. கடையில் நோட்டுப் புத்தகங்கள் இருக்கும், எஸ்.பி.பி. சோகம், யேசுதாஸ் மெலடி, டி.எம்.எஸ். தத்துவம் என்று தலைப்பிட்டுப் பாட்டுகள் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். வேண்டியதைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, சில நாள் கழித்துப் போய் வாங்கிக்கொள்ள வேண்டும். சிக்ஸ்ட்டி கேசட்டில் பக்கத்துக்கு 30 நிமிடம், நைன்ட்டியில் 45. சிக்ஸ்ட்டியின் ஒரு பக்கத்தில் ஆறேழு பாட்டுகளுக்குத்தான் இடம். கணக்குத் தப்பினால் கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துவிடும். நண்பனுக்கோ, கல்யாணமாகிப் போகும் அக்காவுக்கோ கொடுக்க வேண்டிய கேசட் என்றால் எந்தப் பாட்டை விடுவது, எதை முதலில் வைப்பது என்று இரவெல்லாம் யோசனை ஓடும். இடம் குறைவாக இருந்ததால்தான் தேர்வுக்கு மதிப்பு இருந்தது.

அதற்கும் முன்னால் இலங்கை வானொலி. ஒரு பாட்டுக்கு முன்பு அதை விரும்பிக் கேட்டவர்களின் பெயர்களையும் ஊர்களையும் அறிவிப்பாளர் வாசிக்கும்போது, பாட்டோடு ஒரு கூட்டமே வீட்டுக்குள் வந்துவிடும்.

பாட்டைத் தூதாக அனுப்புவதைச் சினிமாவே அழகாகப் பதிவு செய்திருக்கிறது. பிரேம்குமார் இயக்கிய ‘96’ (2018) படத்தில் நாயகிக்குப் பெயர் ஜானகி. நாயகன் ராம் வருடக்கணக்கில் ஒரே ஒரு பாட்டைப் பாடச் சொல்லிக் கேட்கிறான். அவளோ அதைத் தவிர மற்றதையெல்லாம் பாடுகிறாள். இருபத்துச் சொச்சம் ஆண்டுகள் கழித்து, மின்சாரம் போன ஒரு நேரத்தில், வாத்தியமே இல்லாமல் ‘தளபதி’யின் அந்தப் பாட்டை அவள் தொடங்க, அவன் விளக்கைத் தேடித் தவிக்கிறான். இருவரும் வாய்விட்டுச் சொல்லாதது முழுவதும் அந்தப் பாட்டில் இருக்கிறது.

மனசு சரியில்லாதபோது உற்சாகப் பாட்டு போடு என்பார்கள். எப்போதும் அது சரியல்ல. இசைச் சிகிச்சையில் 1940களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஐரா ஆல்ட்ஷூலர் சொன்ன வழி வேறு: கேட்பவர் இருக்கும் மனநிலைக்கு ஒத்த இசையில் தொடங்கி, மெல்ல மெல்ல வேண்டிய நிலைக்குக் கொண்டுபோக வேண்டும். பெர்லினைச் சேர்ந்த டாருஃபி, கோல்ஷ் என்ற ஆய்வாளர்கள் 772 பேரிடம் கேட்டு 2014இல் வெளியிட்ட ஆய்வும் இதற்கு அருகில் வருகிறது. சோக இசையைக் கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் எழுவது சோகமல்ல, பழைய நினைவுகளின் ஏக்கம் என்றது அது. துக்கத்தில் இருப்பவருக்கு முதலில் துக்கப் பாட்டைத் தருவது கொடுமையல்ல. அவரை அவர் இருக்கும் இடத்தில் போய்ச் சந்திப்பது.

அப்படியானால் எதற்கு எதைக் கொடுக்கலாம்? துவண்டிருப்பவருக்கு அந்த ‘சுமைதாங்கி’ பாட்டு இன்றும் வேலை செய்யும். வேலை முடிந்து திரும்பும் மாலைக்கு ‘நிழல்கள்’ (1980); அதில் வைரமுத்துவின் முதல் பாட்டை எஸ்.பி.பி. பாடியிருப்பார். சொற்கள் குறுக்கிடாமல் வேலையில் மூழ்க, தியாகராஜருக்கும் மேற்கத்திய இசைமேதை பாக்குக்கும் இளையராஜா காணிக்கையாக்கிய ‘ஹௌ டு நேம் இட்’ இசைத்தொகுப்பு. தூக்கம் வராத இரவுக்கு, ஹரிபிரசாத் சௌராசியாவின் குழல் ஒலிக்கும் ‘நத்திங் பட் விண்ட்’. விசேஷ வீட்டின் காலைக்கு ‘கொஞ்சும் சலங்கை’ (1962). காருக்குறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரத்தோடு பாடகி எஸ்.ஜானகியின் குரல் போட்டியிடும் அந்த ஆபேரியைக் கேட்டுவிட்டு யாராலும் சோர்ந்து உட்கார முடியாது.

இன்று இந்த வேலையைச் செயலிகள் எடுத்துக்கொண்டன. ஸ்பாட்டிஃபை 2015 முதல் திங்கள்தோறும் 30 பாட்டுகளை ஆளுக்கேற்பத் தொகுத்துக் கொடுக்கிறது; 2019இல் இந்தியாவுக்கும் வந்தது. புதிய பாடகர்களைத் தெரிந்துகொள்ள இது நல்ல வழிதான். ஆனால் நாம் எதைக் கேட்டோம், எதைத் தள்ளிவிட்டோம் என்பதைத்தான் இயந்திரம் எண்ணுகிறது. நேற்று நேர்முகத் தேர்வில் தோற்றதையும், போன மாதம் அப்பா இறந்ததையும் அறிந்தவர் நண்பர்தான்.

ஆகவே, யாராவது உங்கள் நினைவில் இருந்தால் நூறு பாட்டுள்ள பட்டியலை அனுப்ப வேண்டாம். ஒரே ஒரு பாட்டு போதும். ஏன் அனுப்புகிறீர்கள் என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். அவர் கேட்ட பிறகு கூப்பிட்டுப் பேசுங்கள்.