ஊசியை நிறுத்திய பின் இரத்தக் கொதிப்பு



மில்லர்புரத்திலிருந்து ஒரு தாயார் தம் மகனை எங்களிடம் அழைத்து வந்தார். ஆணழகன் போட்டிக்காகச் சில மாதங்கள் ஹார்மோன் ஊசி போட்டுக்கொண்ட வாலிபர் அவர். "ஊசிய விட்டு மூணு வாரம் ஆச்சு டாக்டர், இன்னும் பிரஷர் இறங்கலியே" என்றார் தாயார். இப்படிப்பட்ட கேள்வி இப்போது அடிக்கடி வருவதால், அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் எழுதுகிறோம்.

உடற்பயிற்சிக் கூடங்களில் கைமாறும் டெஸ்டோஸ்டிரோன், நாண்ட்ரோலோன் போன்றவை ஆண் ஹார்மோன் வகையைச் சேர்ந்தவை. இவை சரீரத்தில் உப்பையும் நீரையும் தங்க வைக்கின்றன. உப்பளங்களுக்கு நடுவே வாழும் நமக்கு உப்பு ஈரத்தை இழுப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சிவப்பணுக்கள் பெருகி இரத்தமும் கெட்டிப்படுகிறது. இரத்தக் குழாய்கள் விறைக்கின்றன. அழுத்தம் ஏறாமல் என்ன செய்யும்?

நிறுத்தினால் பெரும்பாலும் இறங்கும். நெதர்லாந்து நாட்டில், இம்மருந்துகளைத் தாமாகவே எடுத்துக்கொண்ட 100 ஆண்களைத் தொடர்ந்து கவனித்த மருத்துவர்கள் 2022இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மருந்து எடுத்த காலத்தில் மேல் அளவு சராசரியாக ஏறக்குறைய 7 புள்ளிகள் கூடியது. நிறுத்திய பின் மாதங்கள் செல்லப் பழைய நிலைக்குத் திரும்பியது. மாதங்கள் என்பதைத்தான் அந்தத் தாயாருக்கு அழுத்திச் சொன்னோம். எண்ணெயில் கலந்த ஊசி மருந்து தசையிலிருந்து வாரக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும். சிவப்பணு ஒன்றின் ஆயுள் சுமார் 120 நாள். ஆகவே மூன்று வாரத்தில் இறங்கவில்லை என்று பதற வேண்டாம். அளந்துகொண்டே இருக்க வேண்டும்.

ஏற்கெனவே இரத்தக் கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. அழுத்தம் இறங்க இறங்க, பழைய அளவு மாத்திரை அதிகமாகிவிடும். எழுந்து நின்றால் தலை சுற்றும். தாமாக மாத்திரையை விடாமல், வந்து குறைத்துக்கொள்ள வேண்டும். மாதங்கள் கழிந்தும் இறங்காவிட்டால் சிறுநீரகத்தையும் இருதயத்தையும் சோதிக்க வேண்டும். மூட்டு வலிக்கென்று தினமும் விழுங்கும் வலி மாத்திரையும் காரணமாக இருக்கலாம்.

வெளியிலிருந்து ஹார்மோன் வந்த காலத்தில் சரீரம் தன் சொந்தச் சுரப்பை நிறுத்தியிருக்கும். அது விழித்தெழும் வரை சோர்வும் மனச்சோர்வும் வாட்டும், தசையும் வற்றும். பிள்ளைகள் மறுபடி ஊசியைத் தேடுவது இந்த நாட்களில்தான். வீட்டார் அப்போது வைது தீர்த்தால் பயனில்லை.

இனிச் சொல்வது மிக முக்கியம். 'ஸ்டீராய்டு' என்ற ஒரே பெயரில் வேறொரு மருந்தும் உலவுகிறது. உடம்பு போட என்று விற்கப்படும் மாத்திரைகளில் டெக்ஸாமெத்தசோன் இருப்பதுண்டு. அது ஆண் ஹார்மோன் அல்ல. வாரக்கணக்கில் அதைத் தின்றால், சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பி உறங்கிவிடும். திடீரென்று நிறுத்தினால் அழுத்தம் தாழ்ந்து, வாந்தியும் மயக்கமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதை மருத்துவர் சொற்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். ஆண் ஹார்மோன் ஊசியை நிறுத்தினால் இந்த ஆபத்து வராது. அந்தப் பயத்தில் ஊசியைத் தொடர வேண்டாம்.

மெஃபென்டர்மின் என்ற ஊசியையும் சிலர் களைப்புத் தெரியாமலிருக்கப் போட்டுக்கொள்கிறார்கள். முதுகில் மயக்க ஊசி போட்ட நோயாளிக்கு அழுத்தம் விழும்போது, அதை உயர்த்துவதற்காக அறுவை அரங்கில் நாங்கள் வைத்திருக்கும் மருந்து அது! நல்ல இருதயமுள்ளவனுக்கு அது எதற்கு?

அளக்கும் விதமும் தவறலாம். பருத்த புஜத்தில் சிறிய பட்டையைக் கட்டினால் அளவு இல்லாத உயரம் காட்டும். இந்த வாலிபருக்கு முதலில் 160 காட்டியது. பெரிய பட்டை மாற்றி, ஐந்து நிமிடம் உட்கார வைத்து எடுத்தபோது 146. அதுவும் அதிகம்தான், ஆனால் அன்றே மாத்திரை தொடங்காமல், வாரம் ஒரு முறை வந்து பார்க்கச் சொன்னோம்.

என்ன மருந்து போட்டார் என்று கேட்டதற்கு அவருக்குப் பெயர் தெரியவில்லை. உங்கள் வீட்டிலோ அண்டையிலோ இப்படி ஒருவர் இருந்தால், காலிக் குப்பியையும் மாத்திரை அட்டையையும் எறியாமல் கையோடு எடுத்து வரச் சொல்லுங்கள். எதை நிறுத்தினார் என்று தெரியாமல் எங்களால் பாதிதான் உதவ முடியும்.