லேண்ட் ரோவர் ஏன் நடுங்குகிறது? எண்ணிப் பார்த்தால் தெரியும்

ரிங்லெட் சாலையோரத்தில் சிறிது நேரம் நின்று பாருங்கள், மாணவர்களே. கதவு நசுங்கி, சாயம் வெளுத்து, பின்னால் முட்டைக்கோஸ் கூடைகளைச் சுமந்தபடி ஒரு பழைய லேண்ட் ரோவராவது உங்களைக் கடந்து போகும். பெர்தாம் பள்ளத்தாக்கின் காய்கறித் தோட்டங்களிலும், தேயிலைத் தோட்டத்துச் சரிவுப் பாதைகளிலும் இந்த வண்டிகள் இன்னும் உழைக்கின்றன. 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் வாகனக் கண்காட்சியில் முதன்முதலாக உலகுக்குக் காட்டப்பட்ட வண்டி இது. கேமரன் மலையில் ஓடுகிறவற்றில் பல, உங்கள் அப்பாவைவிட வயதில் மூத்தவை.

அந்த வயதில் வண்டி நடுங்கினால் ஆச்சரியமில்லை. சமதரையில் மணிக்கு 60 கிலோமீட்டர் வந்ததும் காலடித் தகடு அதிர்கிறது, பின்பார்வைக் கண்ணாடியில் உருவம் கலங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பலர் செய்வது என்ன? சந்தேகப்பட்ட பாகத்தையெல்லாம் ஒவ்வொன்றாக மாற்றுவது. முதலில் டயர், பிறகு எஞ்சினைத் தாங்கும் ரப்பர், பிறகு பேரிங். பணம் கரையும், நடுக்கம் போகாது. இதைவிட மலிவான வழி ஒன்று இருக்கிறது. நடுக்கம் ஒரு நொடிக்கு எத்தனை முறை வருகிறது என்று எண்ணுவது.

வண்டிக்குள் சுழலும் எல்லாப் பாகங்களும் ஒரே வேகத்தில் சுழல்வதில்லை. எஞ்சினின் சக்தி கிளட்ச், கியர் பெட்டி, டிரான்ஸ்ஃபர் பெட்டி வழியாக வந்து, புரொப்பெல்லர் ஷாஃப்ட் என்ற நீண்ட இரும்புத் தண்டைச் சுழற்றுகிறது. தண்டு அச்சின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியலைச் சுழற்ற, அது சக்கரங்களைச் சுழற்றுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் பற்சக்கரங்கள் வேகத்தை மாற்றுகின்றன. அதனால் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி அதிர்வெண்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 60 கி.மீ. என்றால் நொடிக்கு 16.7 மீட்டர். பெரிய டயர் போட்ட லேண்ட் ரோவரின் சக்கரச் சுற்றளவு ஏறக்குறைய 2.5 மீட்டர். வகுத்தால், சக்கரம் நொடிக்கு 6.7 முறை சுழல்கிறது. பழைய 'சீரிஸ்' வகை வண்டிகளின் டிஃபரன்ஷியல் விகிதம் 4.7. அதாவது, சக்கரம் ஒரு முறை சுற்ற, தண்டு 4.7 முறை சுற்ற வேண்டும். ஆக, தண்டின் அதிர்வெண் சுமார் 31 ஹெர்ட்ஸ். நான்காவது கியரில் எஞ்சின் அதைவிடச் சற்று வேகமாக, நொடிக்கு 36 முறை சுழலும். நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை எரிபொருளை எரிப்பதால் 72 ஹெர்ட்ஸிலும் ஒரு துடிப்பு உண்டு.

7 ஹெர்ட்ஸ் என்பது உடம்பை உலுக்கும் ஆட்டம். ஸ்டீயரிங்கைப் பிடித்த கை அதை உணரும். 31 ஹெர்ட்ஸ் ஆட்டமாகத் தெரியாது, இருக்கைக்கு அடியில் 'விர்ர்' என்று ஊறும். 60-ஐத் தாண்டினால் அது காதுக்குள் முனகலாக வந்துவிடும். அனுபவமுள்ள மெக்கானிக் வண்டியில் ஏறி அமர்ந்து, "இது டயர் இல்லை, அடியில் பாருங்கள்" என்று சொல்வது மந்திரம் இல்லை. அவர் உடம்பு அதிர்வெண்ணை அளந்துவிட்டது, அவ்வளவுதான்.

முதல் சந்தேகம், மண்

சட்டை அழுக்காகும் முன் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது: வண்டியைக் கழுவுவது. சிரிக்காதீர்கள். மழைக்குப் பிறகு தோட்டப் பாதையில் போன வண்டியின் சக்கர வளையத்துக்குள் அரை கிலோ மண் ஒரே பக்கமாக ஒட்டிக் காய்ந்துவிட்டால் என்ன ஆகும்? வட்ட இயக்கத்தில் விசை என்பது நிறை, ஆரம், கோணவேகத்தின் வர்க்கம் ஆகியவற்றின் பெருக்கல். 0.5 கிலோகிராம், 0.2 மீட்டர் ஆரம், நொடிக்கு 42 ரேடியன். பெருக்கினால் ஏறத்தாழ 175 நியூட்டன். 18 கிலோ எடையுள்ள ஒரு மூட்டை சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி இழுப்பது போல.

தண்டில் ஒட்டிய மண் இன்னும் சுவாரசியமானது. வெறும் 50 கிராம், ஆரம் 4 சென்டிமீட்டர்தான். ஆனால் தண்டு சக்கரத்தைவிட 4.7 மடங்கு வேகமாகச் சுழல்வதால், வர்க்கம் எடுக்கும்போது 22 மடங்காகிவிடுகிறது. விசை 77 நியூட்டனை நெருங்கும். வண்டியின் வேகம் இரட்டித்தால் இந்த விசை நான்கு மடங்காகும். அதனால் வேகம் கூடக்கூட மோசமாகும் நடுக்கம் சமநிலைக் குறையைக் காட்டுகிறது. மாறாக, 55-இல் தொடங்கி 65-இல் காணாமல் போகும் நடுக்கம் என்றால், வண்டியின் உடல் ஏதோ ஓர் அதிர்வெண்ணுக்கு ஒத்து ஆடுகிறது. நீங்கள் பள்ளியில் மலாயில் 'ரெசொனன்ஸ்' என்று படிக்கும் ஒத்ததிர்வு இதுதான்.

கழுவியும் நடுக்கம் போகவில்லையா? அடுத்த சோதனைக்கு ஸ்பேனரே வேண்டாம். அதே 60-இல், நான்காவது கியரில் ஒரு முறை, மூன்றாவது கியரில் ஒரு முறை ஓட்டச் சொல்லுங்கள். சக்கரமும் தண்டும் முன்பு சுழன்ற அதே வேகத்தில்தான் சுழலும். எஞ்சின் மட்டும் நொடிக்கு 36-இலிருந்து 54-க்குத் தாவும். நடுக்கம் மாறினால் குற்றவாளி எஞ்சின் பக்கம். மாறாவிட்டால் எஞ்சினை விட்டுவிடலாம். சிலர் ஓடும்போதே நியூட்ரலில் தள்ளிப் பார்ப்பார்கள். தாப்பா போகும் இறக்கத்தில் அதைச் செய்தால் எஞ்சினின் தடுப்பு போய்விடும். மலைச்சாலையில் அது வேண்டவே வேண்டாம். இன்னொன்று: பழைய வண்டியின் வேகமானியை அப்படியே நம்பாதீர்கள், பக்கத்தில் இருப்பவர் கைப்பேசியின் ஜிபிஎஸ் வேகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.

ஹூக்கின் இன்னொரு கண்டுபிடிப்பு

தண்டுதான் என்று தெரிந்தால், அதன் இரு முனைகளிலும் உள்ள மூட்டுகளைப் பார்க்க வேண்டும். கியர் பெட்டி சட்டத்தோடு கட்டப்பட்டது. அச்சோ பட்டை ஸ்பிரிங்குகளின் மேல் ஏறி இறங்குவது. இரண்டையும் இணைக்கும் தண்டு சாய்ந்த நிலையிலேயே சுழல வேண்டியிருக்கிறது. அதற்காக ஒவ்வொரு முனையிலும் இரண்டு கவைகள், நடுவே ஒரு சிலுவைத் துண்டு. யுனிவர்சல் ஜாயின்ட் என்பது இதுதான். சாக்கெட் ஸ்பேனர் பெட்டி வீட்டில் இருந்தால் அதில் ஒரு சிறிய மூட்டு கிடக்கும், எடுத்துத் திருகிப் பாருங்கள்.

ஸ்பிரிங் விதியால் நீங்கள் அறிந்த ராபர்ட் ஹூக், 1676-இல் வெளியிட்ட ஒரு நூலில் இந்த மூட்டை விவரித்தார். இதில் ஒரு குறும்பு இருப்பதும் அவருக்குத் தெரியும். மூட்டின் ஒரு பக்கத்தை ஒரே சீராகச் சுழற்றினாலும், சாய்ந்திருக்கும் மறுபக்கம் ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை வேகமெடுத்து இரண்டு முறை தளரும். சூரியக் கடிகாரத்தில் மணிக்கோடுகள் சம இடைவெளியில் இல்லாததற்கும் இதே கோணக் கணக்குத்தான் காரணம். சாய்வு 10 பாகை என்றால் வேகம் ஒன்றரை விழுக்காடு ஏறி இறங்கும். 20 பாகை என்றால் 6 விழுக்காடு. கோணம் இரண்டு மடங்கு, ஏற்ற இறக்கம் நான்கு மடங்கு. அழகுக்காகவோ சேற்றுக்காகவோ வண்டியின் உடலை உயர்த்திக் கட்டுகிறவர்கள் இந்தக் கோணத்தையும் சேர்த்தே உயர்த்துகிறார்கள்.

அப்படியானால் எல்லா லேண்ட் ரோவரும் நடுங்க வேண்டாமா? இல்லை. பின் தண்டின் இரு முனைகளிலும் சம கோணத்தில் மூட்டுகள் இருக்கின்றன. தண்டின் இரு கவைகளும் ஒரே தளத்தில் இருந்தால், முதல் மூட்டு செய்த கோளாறை இரண்டாவது மூட்டு சரிசெய்துவிடும். கவைகள் ஒரு பல் தள்ளிப் பொருத்தப்பட்டால் இந்தச் சமரசம் கெடும். அப்போது வரும் நடுக்கம் சுற்றுக்கு இரண்டு முறை, அதாவது 63 ஹெர்ட்ஸ். மண்ணால் வருவது 31, கோணத்தால் வருவது 63. நோய் வேறு, எண் வேறு.

தேய்ந்த மூட்டுக்கு வேறு அடையாளங்களும் உண்டு. மெதுவாகப் போகும்போது குருவி கத்துவது போல 'கீச் கீச்' என்று கேட்டால், உள்ளேயிருக்கும் ஊசி பேரிங்குகள் கிரீஸ் இல்லாமல் காய்ந்திருக்கலாம். கிளட்சை விட்டதும் 'டங்' என்று ஓர் அடி விழுந்தால் மூட்டில் இடைவெளி விழுந்திருக்கலாம். மூட்டைச் சுற்றிச் செந்நிறத் துருப்பொடி தெரிந்தால் சந்தேகம் வலுக்கும்.

இதை நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட முடியாது. லேண்ட் ரோவரின் கைப்பிரேக் மற்ற கார்களில் போலப் பின்சக்கரங்களில் இல்லை. டிரான்ஸ்ஃபர் பெட்டியின் பின்புறம், பின் தண்டு புறப்படும் இடத்திலேயே இருக்கிறது. அது பிடிப்பது தண்டைத்தான். தண்டு வழியாகத்தான் சக்கரம் நிற்கிறது. சரிவில் நிறுத்திய வண்டியில் பின் மூட்டு உடைந்துபோனால், இழுத்துவிட்ட கைப்பிரேக் வெறும் அலங்காரம். ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியால் தூக்கினாலும் இதே ஆபத்து: தண்டு அசையாமல் நிற்க, தூக்கிய சக்கரம் எதிர்த்திசையில் சுழலும், தரையிலுள்ள சக்கரம் உருளும், டிஃபரன்ஷியல் அதற்கு இடம் கொடுத்துவிடும். அதனால் சக்கரங்களுக்குக் கட்டை வைக்காமல் யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. நீங்கள் பட்டறையில் வேடிக்கை பார்க்கப் போனாலும் முதலில் அந்தக் கட்டையைத் தேடுங்கள்.

முன்தண்டா, பின்தண்டா என்ற குழப்பம் வரும். சீரிஸ் வண்டியில் இருசக்கர இயக்கத்திலும் முன்சக்கரங்கள் முன்தண்டைச் சும்மா சுழற்றிக்கொண்டே இருக்கும். மெக்கானிக் அதைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டிப் பார்ப்பார். நடுக்கம் மறைந்தால் விடை கிடைத்தது. 1983-இல் வந்த 'ஒன் டென்' முதலான வண்டிகளில் நான்கு சக்கரங்களும் எப்போதும் இயங்கும். அங்கே முன்தண்டைக் கழற்றினால், நடு டிஃபரன்ஷியலைப் பூட்டாமல் வண்டி நகரவே நகராது. ஏன் என்று மேலே சொன்ன ஜாக்கியை வைத்து யோசியுங்கள்.

உங்கள் பங்குக்கு ஒரு கைப்பேசி போதும். ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் 'ஃபைஃபாக்ஸ்' செயலி, முடுக்க உணரியின் அளவுகளை அதிர்வெண் வரைபடமாகக் காட்டும். பயணி இருக்கையில் அமர்ந்து, கைப்பேசியைத் தரைத் தகட்டில் அழுத்திப் பிடியுங்கள். உங்கள் உணரி நொடிக்கு 100 முறைதான் அளக்கிறது என்றால் 50 ஹெர்ட்ஸ் வரைதான் நம்பலாம். 63 ஹெர்ட்ஸ் அதிர்வு அங்கே 37 என்று வேடம் போட்டு வரும். அதைத் தண்டு என்றும் எஞ்சின் என்றும் தவறாக எண்ண வாய்ப்பு அதிகம். 40 கி.மீ. வேகத்தில் இன்னொரு முறை அளந்தால் வேடம் கலையும்: உண்மையான 63, 42-ஆக இறங்கிவிடும்.

பழுது பார்த்த பிறகும் அதே சாலை, அதே வேகம், அதே சுமை. கூடைகள் ஏறினால் ஸ்பிரிங் தாழ்ந்து கோணம் மாறும் என்பதால் சுமையும் முக்கியம். கழற்றும் முன் தண்டின் இரு பாதிகளிலும் சாயத்தால் ஒரு கோடு போட்டிருந்தால் திரும்ப மாட்டுவது எளிது. கோடு போட மறந்த வண்டியில் 31-இல் இருந்த மேடு போய், 63-இல் புதிதாக ஒன்று முளைத்திருந்தால், தண்டை மறுபடியும் கழற்ற வேண்டியதுதான். கவைகள் ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கின்றன.