வேலை போனவரும் தூக்கணாங்குருவியும்

பட்டத்துக்கு அப்பால் – 9

பிளேஸ்மென்ட் சீசன் தொடங்கியதும் இறுதியாண்டு வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். ஆஃபர் லெட்டர் கைக்கு வந்தவர்கள் ஒரு பக்கம், வராதவர்கள் மறுபக்கம். நோட்டீஸ் போர்டில் "பத்தாம் வகுப்பிலிருந்து 60 சதவீதம், அரியர் இருக்கக் கூடாது" என்று ஒட்டியிருப்பதைப் படித்துவிட்டு, பெயர் கொடுக்காமலேயே திரும்புகிறவர்களும் உண்டு. அத்தோடு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகும் ஆசையும் போய்விடும். பந்தியில் பக்கத்து இலையில் உட்காரும் பெரியப்பா விடமாட்டார்: "அப்புறம் தம்பி, அடுத்து என்ன?"

அவர் கேட்பது வேலையைப் பற்றி. நம் காதில் விழுவதோ, "நீ எதற்காவது தேறுவாயா?" வேலை உண்டா இல்லையா என்பதற்குக் கம்பெனி பதில் சொல்லிவிடும். நான் எதற்குத் தேறுவேன் என்பதையும் அதனிடமே கேட்டுக்கொண்டு நிற்பதில்தான் வம்பு. அரைமணி நேர இன்டர்வியூவில் அவர்கள் பார்ப்பது, இந்த வருடம் தங்களுக்கு வேண்டிய ஆள் நீங்கள்தானா என்பதை. அதற்கு மேல் உங்களைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

இதைப் பேசும்போதெல்லாம் எனக்குப் பறவை அறிஞர் சலீம் அலி நினைவுக்கு வருவார். கோவை ஆனைகட்டியில் 1990இல் தொடங்கிய பறவையியல் மையம் அவர் பெயரில்தான் இயங்குகிறது. 1976இல் பத்ம விபூஷண் வாங்கியவர். ஆனால் வாலிப வயதில் அவரைப் பார்த்திருந்தால், ஊரே உதட்டைப் பிதுக்கியிருக்கும்.

1896இல் பம்பாயில் பிறந்தவர். சின்னஞ்சிறு வயதிலேயே தாய் தந்தை இருவரையும் இழந்தார். சிறுவனாக இருந்தபோது ஏர்கன்னால் சுட்ட ஒரு குருவியின் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. அது என்ன குருவி என்று கேட்டு, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனார். செயலாளர் மில்லர்ட் குருவியின் பெயரைச் சொன்னதோடு விடவில்லை. கழகம் பாடம் செய்து வைத்திருந்த பறவைகளையெல்லாம் காட்டினார். ஆசை அங்கே பற்றிக்கொண்டது.

படிப்பு அப்படிப் பற்றவில்லை. கல்லூரியைப் பாதியில் விட்டுக் குடும்பத் தொழிலைப் பார்க்கப் பர்மாவுக்குப் போனார். 1917இல் திரும்பி வந்து விலங்கியல் வகுப்புகளில் உட்கார்ந்தார். முறையான பல்கலைக்கழகப் பட்டம் இல்லாததால், இந்திய விலங்கியல் அளவைத் துறையின் பறவையியலாளர் வேலை கை நழுவியது. 1926இல் பம்பாய் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களுக்கு விளக்கம் சொல்லும் வேலை கிடைத்தது. விடுப்பில் ஜெர்மனி போய், ஸ்ட்ரெஸமான் என்ற அறிஞரிடம் பயின்று 1930இல் திரும்பினால், நிதி இல்லையென்று அந்த வேலையையே எடுத்துவிட்டிருந்தார்கள். வயதோ முப்பதைத் தாண்டிவிட்டது, கல்யாணமும் ஆனவர்.

மனைவி தெஹ்மினாவோடு, அலிபாக் பக்கத்தில் கீஹிம் என்ற கடலோர ஊருக்குக் குடிபோனார். அங்கே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. அவர் நாள்கணக்கில் உட்கார்ந்து பார்த்தார், பார்த்ததை எழுதினார். ஆண் குருவி பாதிக் கூட்டோடு நிறுத்திவிடுகிறது. பெண் குருவிகள் வந்து, உள்ளே புகுந்து பார்க்கின்றன. ஒன்றுக்குப் பிடித்துப்போய்த் தங்கினால்தான் மீதிக் கூடும் நுழைகுழாயும் முடிகின்றன. அது முட்டையிட்டு அமர்ந்ததும் ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கி, அடுத்த துணையைத் தேடுகிறது. பனைமரத்தில் தொங்கும் அந்தக் கூட்டை நாம் எல்லோரும்தான் பார்த்திருக்கிறோம். அதற்குள் இவ்வளவு நடப்பதை விடாமல் கவனித்து எழுதியவர், வேலை போன ஒருவர். 1931இல் வெளிவந்த அந்தக் கட்டுரைதான் அறிவியல் உலகில் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. பிறகு ஹைதராபாத், திருவிதாங்கூர் சமஸ்தானங்களில் பறவைக் கணக்கெடுப்பு. 1941இல் இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூல்.

கீஹிமில் அவருக்குத் திடீரென்று ஞானம் வந்துவிடவில்லை. சம்பளம் இருந்தபோது செய்ததையே சம்பளம் நின்ற பிறகும் செய்தார். என் மதிப்பு என்ன என்று யோசித்துக்கொண்டே இருந்திருந்தால் அந்த வருடத்துக் குருவிகள் அவர் கண்ணில் பட்டிருக்காது. குறிக்கோள் பெரும்பாலும் இப்படித்தான் அமைகிறது: கவனம் தானாகப் போகிற இடத்தில் கொஞ்ச காலம் விடாமல் நின்றால்.

"அவருக்குச் சாய்ந்துகொள்ள வசதியான குடும்பம் இருந்தது, எனக்குக் கல்விக் கடன்தான் இருக்கிறது" என்று நீங்கள் சொன்னால், அது நியாயம். தங்கையின் ஃபீஸ் உங்களை நம்பி இருந்தால், கிடைத்த வேலைக்குப் போங்கள். அதில் எந்தக் குறைவும் இல்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சி.வி.ராமன், 1907இல் அரசாங்கக் கணக்குத் துறை வேலையில்தான் சேர்ந்தார். கல்கத்தாவில் பகலெல்லாம் ஆபீஸ். காலையும் மாலையும் பௌபஜார் தெருவில் இருந்த அறிவியல் கழகத்தின் ஆய்வுக்கூடம். பத்து வருடம் கழித்து, சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று பேராசிரியர் பதவிக்கு மாறினார். சோறு போடும் வேலையும் மனம் கேட்கும் வேலையும் முதல் நாளே ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

உங்கள் கவனம் எங்கே போகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? செமஸ்டருக்கு முந்தின இரவு, புரியாத பாடத்தோடு நாலு பேர் உங்கள் அறைக்கு வருகிறார்களா? சிம்போசியம் முடிந்து எல்லோரும் செல்ஃபி எடுக்கும்போது பில்களை அடுக்கிக் கணக்கு முடிப்பது நீங்களா? மார்க் ஷீட்டில் இதற்கெல்லாம் கட்டம் கிடையாது. ஆனால் பிறர் உங்களைத் தேடி வருவது எதற்காக, யாரும் சொல்லாமலே நீங்கள் செய்வது எது என்ற இரண்டுக்கும் பதிலை ஒரு நோட்டில் எழுதுங்கள். அதில் ஒன்றை எடுத்து, தினமும் அரைமணி நேரம், தேதி போட்டுச் செய்யுங்கள். பறவைதான் பிடிக்கும் என்றால், ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. பட்டம், அனுபவம் எதையும் கேட்க மாட்டார்கள். கால்மணி நேரம் நின்று பார்த்துப் பட்டியல் கொடுத்தால் போதும்.

ஒரு விஷயம். எதிலும் பிடிப்பில்லை, தூக்கமில்லை, இருந்து என்ன பயன் என்றே தோன்றிக்கொண்டிருந்தால், நோட்டும் பேனாவும் அப்புறம். முதலில் நம்பிக்கையான ஒருவரிடம் பேசுங்கள். அல்லது அரசின் டெலி மானஸ் எண் 14416ஐ அழையுங்கள். கட்டணம் கிடையாது. காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்ப்பதைவிட இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

நோட்டில் முதல் பக்கம் நிரம்ப ஒரு வாரம் போதும். அதற்குள், "இதெல்லாம் பிடித்திருந்து என்ன, ஆறு அரியர் இருக்கிறதே!" என்று சிலருக்குத் தோன்றும். அடுத்த வாரம் அந்த அரியரைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

(தொடரும்)