விடிந்தால் ஏன் போகிறது பேச்சு?

'குடிகாரன் பேச்சு விடிந்தால் போச்சு' என்பது நம் நாட்டுப் பழமொழி. இரவில் பிள்ளையின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தவன், மறுநாள் கடை வாசலில் நிற்கிறான். மனவுறுதி அற்றவன் என்று ஊர் ஏசுகிறது. உடலியல் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்பதைக் காண்போம்.

நடுமூளையில் உள்ள ஒரு நரம்பணுக் கூட்டத்திலிருந்து முன்மூளையின் 'நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ்' என்னும் பகுதிக்கு நரம்பிழைகள் செல்கின்றன. இதனை வெகுமதிப் பாதை எனலாம். 1954-ஆம் ஆண்டு கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் ஆகிய இருவரும் எலிகளின் மூளையில் மின்கம்பியைப் பொருத்தி, நெம்புகோலை அழுத்தினால் சிறு மின்னோட்டம் பாயுமாறு அமைத்தனர். எலிகள் ஓயாமல் நெம்புகோலை அழுத்தின! இப்பாதையில் செய்தி சொல்லும் வேதிப்பொருள் டோபமின். 'இது நல்லது, மறுபடியும் தேடு' என்று அது மூளைக்குக் கற்பிக்கிறது. உணவுக்கும் உறவுக்கும் இயற்கை அமைத்த இவ்வழியில் மது குறுக்கே புகுந்து, டோபமினைப் பெருகச் செய்கிறது. நாளடைவில் மூளை டோபமின் ஏற்பிகளைக் குறைத்துக்கொள்கிறது. பழைய அளவு போதாமற் போகிறது.

ஹார்மோன்களுக்கு இதில் என்ன வேலை? கவலை வந்தால் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரியைத் தூண்டுகிறது; பிட்யூட்டரி அட்ரீனல் சுரப்பியைத் தூண்டுகிறது; கார்ட்டிசால் சுரந்து இரத்தத்தில் கலக்கிறது. டோபமின் நரம்பணுக்களிலும் கார்ட்டிசாலுக்கான ஏற்பிகள் உண்டு. ஆகவே கடன்காரன் வந்து போன மாலையில் மதுவின் மீதுள்ள வேட்கை கூடுவது வியப்பன்று. வயிற்றில் சுரக்கும் பசி ஹார்மோனாகிய கிரெலினும் இதே பாதையைத் தூண்டுகிறது. பெண் ஹார்மோனாகிய ஈஸ்ட்ரஜன் டோபமின் வெளியீட்டைக் கூட்டுவதை விலங்கு ஆய்வுகள் காட்டியுள்ளன.

இனிப் பழமொழிக்கு வருவோம். நீண்ட காலம் குடித்தவருக்குக் கடைசிக் குடிக்குப் பின் ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் கை நடுக்கமும் வியர்வையும் பதற்றமும் தொடங்கும். இரவு ஒன்பது மணிக்கு நிறுத்தியவருக்கு அது விடியற்காலைப் பொழுது! மூளையில் டோபமின் தாழ்ந்து, பதற்றத்தைத் தூண்டும் பொருள்கள் ஓங்கி நிற்கும். இன்பத்திற்காகக் குடிக்கத் தொடங்கியவர், இப்போது துன்பம் நீங்கக் குடிக்கிறார்.

அனுமந்தன்பட்டி போன்ற கம்பம் பள்ளத்தாக்கு ஊர்களில் கார்த்திகை பிறந்ததும் மாலை அணிந்து, ஒரு மண்டலம் மதுவைத் தொடாதவர் பலர். ஆகவே மனவுறுதி அவர்களிடம் இல்லாமலில்லை. விரத நாட்களில் பழைய கூட்டாளிகளும் மாலைநேரக் கடையும் விலகி நிற்க, குருசாமியும் பஜனையும் துணை நிற்கின்றன. மாலையைக் கழற்றியதும் பழைய சூழலும் பழைய கவலையும் திரும்புகின்றன. குறைந்துபோன ஏற்பிகள் தேறவோ சில மாதங்கள் வேண்டும். ஆகையால் நாற்பத்தொரு நாள் என்பது நல்ல தொடக்கமே. முழுச் சிகிச்சை அன்று.

ஓர் எச்சரிக்கை. நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மாலை போடுவதற்கு முன் மருத்துவரைக் கண்டுவிடுவது நலம்.

மத்திய அரசு 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துகின்றனர். அவர்களுள் ஐந்தரைக் கோடிக்கும் மேற்பட்டோருக்கு உதவி தேவை. மருந்தில்லாமலும் இல்லை. நால்ட்ரெக்சோன் மது தரும் இன்பத்தைக் குறைக்கிறது. குடல் ஹார்மோன் ஒன்றைப் போலச் செயற்படும் செமாகுளுடைடு மது வேட்கையைத் தணிப்பதாக 2025-இல் ஒரு சிறிய ஆய்வு வெளியாகியுள்ளது. மருந்தோடு குடும்பத்தின் ஆதரவும் ஆலோசனையும் சேரவேண்டும். 14446 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் ஆலோசனை பெறலாம்.

நீரிழிவு கண்டவரை நாம் ஏசுவதில்லை. மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறோம். குடிநோய் கண்டவர் செய்த தவறுகளுக்கு அவரே பொறுப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் ஏச்சும் அவமானமும் அவருடைய கவலையை, அதனால் கார்ட்டிசாலை, மேலும் கூட்டுவனவேயன்றிக் குறைப்பன அல்ல. அடுத்த முறை நம் தெருவில் ஒருவர் சத்தியம் செய்தால், விடியும் முன்பே அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல ஆயத்தமாவோம்.